மானிட்டரில் எல்லாம் சரி, உறுப்புகள் மட்டும் ஏன் சோர்கின்றன? செப்சிஸில் ரத்தம் மாறும் விதம்

கேள்வி இது: "சிறுநீர்ப் பாதைத் தொற்று முற்றி அப்பாவுக்கு செப்சிஸ் ஆகிவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மருந்து ஏற்றி ரத்த அழுத்தத்தைச் சரிசெய்துவிட்டார்கள். ஆக்சிஜன் 98 சதவீதம் காட்டுகிறது. ஆனாலும் சிறுநீர் குறைகிறது, லாக்டேட் (செல்கள் சர்க்கரையைச் சிதைக்கும்போது உண்டாகும் பொருள்) ஏறுகிறது, கால் விரல்கள் நீலம் பாரித்திருக்கின்றன. தட்டணுக்கள் (பிளேட்லெட்) 2,40,000-இலிருந்து 60,000-க்கு இறங்கிவிட்டன. ஆனால் எங்கும் ரத்தம் கசியவில்லை. ஹீமோகுளோபின் 8-தான், இருந்தும் ரத்தம் ஏற்ற வேண்டாம் என்கிறார்கள். 22,000 இருந்த வெள்ளணுக்கள் குறையத் தொடங்கியிருக்கின்றன. ரத்தத்துக்குள் என்னதான் நடக்கிறது?"

நீங்கள் அடுக்கியிருக்கும் எண்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதுபோலத் தோன்றும். உண்மையில் அவை எல்லாமே ஒரே இடத்தைத்தான் சுட்டுகின்றன. மானிட்டரில் தெரியும் அழுத்தம் பெரிய தமனியில் அளக்கப்படுவது. விரலில் மாட்டும் கருவி காட்டும் 98, தமனி ரத்தம் எவ்வளவு ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு புறப்பட்டது என்பதைச் சொல்கிறது. போய்ச் சேர்ந்ததா, இறக்கிவைத்ததா என்பது இரண்டுக்குமே தெரியாது. ஆற்றில் தண்ணீர் கரைபுரண்டு ஓடும்போதும் கடைமடை வயல் வெடித்துக் கிடப்பதுண்டு. செப்சிஸின் சிக்கல் அந்தக் கடைமடையில்தான் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட அகலமில்லாத தந்துகிகளில், ரத்த அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிதுங்கிச் செல்ல வேண்டிய இடத்தில்.

'ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது' என்றுதான் செப்சிஸைப் பலரும் புரிந்துகொள்கிறார்கள். கணிசமான நோயாளிகளிடம் ரத்த வளர்ப்புச் சோதனையில் கிருமியே வளர்வதில்லை. 2016-இல் உலக அளவில் ஏற்கப்பட்ட வரையறைப்படி, தொற்றுக்கு எதிராக உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறிப்போய், உடலின் சொந்த உறுப்புகளையே உயிராபத்தான அளவுக்குச் செயலிழக்கச் செய்வதுதான் செப்சிஸ். 2017-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 4.9 கோடிப் பேருக்கு இது வந்தது, 1.1 கோடிப் பேர் இறந்தார்கள் என்பது மதிப்பீடு. அந்த ஆண்டு நிகழ்ந்த மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று.

ரத்த அணுக்களுக்கு முன்னால் குழாயின் சுவரைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் கோளாறு அங்கேதான் முதலில் மூள்கிறது. ரத்தக்குழாய்களின் உட்புறம் முழுக்க ஒற்றை வரிசைச் செல்கள் பதிந்திருக்கின்றன. எண்டோதீலியம் என்று பெயர். அந்தச் செல்களின்மேல், ரத்தம் உரசும் பக்கத்தில், சர்க்கரையும் புரதமும் கலந்த வழுவழுப்பான பூச்சு ஒன்று உண்டு. இதை கிளைக்கோகேலிக்ஸ் என்பார்கள். திசுவைப் பதப்படுத்தி நுண்ணோக்கியில் வைக்கும் வழக்கமான முறையில் இது கரைந்து போய்விடுவதால், நெடுங்காலம் இதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் அணுக்கள் சுவரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்வது, நீரும் ஆல்புமினும் வெளியே கசியாமல் தடுப்பது, ரத்தம் உரசும் வேகத்தை உணர்ந்து கீழேயுள்ள செல்லுக்குத் தெரிவிப்பது எல்லாமே இந்தப் பூச்சின் பொறுப்பு.

செப்சிஸில் இது உரிந்துபோகிறது. அழற்சியின்போது வெளிப்படும் ஹெபரனேஸ் போன்ற நொதிகள் பூச்சை அரித்து எடுக்கின்றன. உரிந்த துண்டுகளை ரத்தத்திலேயே அளந்து பார்க்கலாம். பூச்சு போனதும் அதற்குள் புதைந்திருந்த ஒட்டு மூலக்கூறுகள் வெளியே நீட்டிக்கொள்கின்றன. பக்கத்துப் பக்கத்துச் செல்களைப் பிணைத்திருந்த இணைப்புகளும் தளர்கின்றன. சிரை வழியே ஏற்றிய திரவம் குழாயில் தங்காமல் திசுவுக்குள் இறங்குவதும், இரண்டு நாளில் நோயாளியின் முகமும் கால்களும் வீங்குவதும் இதனால்தான். வீங்கிய திசு தந்துகிகளை வெளியிலிருந்து நெருக்குகிறது. ஆக்சிஜன் கடக்க வேண்டிய தூரமும் கூடிவிடுகிறது.

கூடவே நைட்ரிக் ஆக்சைடு. இயல்பில் எண்டோதீலியம் இதைச் சிறுகச் சிறுகச் சுரந்து, எந்தக் குழாய் எவ்வளவு விரிய வேண்டும் என்று நொடிக்கு நொடி சரிசெய்துகொண்டிருக்கும். அழற்சியால் தூண்டப்படும் வேறொரு நொதி கிளம்பினால் அளவு கணக்கு எதுவும் இல்லாமல் மணிக்கணக்கில் சுரக்கிறது. குழாயைச் சுற்றியுள்ள தசை துவண்டுபோகிறது. குழாயைச் சுருக்கும் ஹார்மோனான நாரட்ரினலின் வந்து கட்டளையிட்டாலும் சரியாகச் சுருங்குவதில்லை. அழுத்தம் விழுவது இப்படித்தான். ஆனால் இந்த விரிவு எல்லா இடத்திலும் ஒரே அளவில் நடப்பதில்லை என்பதுதான் முக்கியம். ஓரிடத்தில் குழாய் வாயைப் பிளந்து நிற்கும், பக்கத்தில் அடைத்துக் கிடக்கும். ரத்தம் எளிதான வழியில் பாய்ந்து, ஆக்சிஜனை இறக்காமலே சிரைக்குத் திரும்பிவிடும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தில் இயல்பாக 70 சதவீதம் அளவுக்கு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கும். செப்சிஸ் நோயாளிகள் பலரிடம் இது 80-ஐயும் தாண்டுகிறது. மிச்சம் அதிகமாக இருப்பது நல்ல செய்திபோலத் தெரியும். திசு வாங்கிக்கொள்ளவில்லை என்பதே அதன் பொருளாகவும் இருக்கலாம்.

இதை வெறும் ஊகம் என்று எண்ண வேண்டாம். நாக்கின் அடியில் சிறு கேமராவை வைத்து நுண்குழாய்களில் ரத்தம் ஓடுவதை நேரடியாகப் பார்க்க முடியும். 2002-இல் பெல்ஜியத்தின் டேனியல் டி பேக்கர் குழுவினர் அப்படிப் பார்த்தபோது, ஆரோக்கியமானவர்களிடம் ஏறக்குறைய 90 சதவீதச் சிறு குழாய்களில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. கடுமையான செப்சிஸ் நோயாளிகளிடம் பாதியில்தான் ஓடியது. படத்தில் கண்டது விசித்திரமான காட்சி. ஒரு குழாயில் ரத்தம் விரைந்து ஓடுகிறது, அதையொட்டிய குழாயில் அணுக்கள் அசையாமல் நிற்கின்றன, மூன்றாவதில் நகர்ந்து, நின்று, மீண்டும் நகர்கின்றன. அந்த இடத்தில் அசிட்டைல்கோலின் என்ற மருந்தைத் தடவியதும் ஓட்டம் திரும்பிவிட்டது. அதாவது அந்தக் குழாய்கள் நிரந்தரமாக அடைபட்டுவிடவில்லை; ஓட வைக்கும் கட்டுப்பாடுதான் கெட்டிருந்தது. அதே குழு பின்னர் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்ததில், பிழைத்தவர்களிடம் இந்த ஓட்டம் நாளுக்கு நாள் தேறியது, இறந்தவர்களிடம் தேறவில்லை. இரு பிரிவினருக்கும் ரத்த அழுத்தத்தில் பெரிய வேறுபாடு இல்லை. உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு இதுவே விடை.

இனி சிவப்பணு. செப்சிஸ் என்றாலே வெள்ளணுக்களைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். சிவப்பணுவை வெறும் சுமைதூக்கியாக ஒதுக்கிவிடுகிறார்கள். இது எனக்கு எப்போதும் குறையாகவே படுகிறது.

சிவப்பணுவின் விட்டம் சுமார் 8 மைக்ரான். அது நுழைய வேண்டிய தந்துகிகளில் பலவற்றின் விட்டம் 5 மைக்ரான்தான். மண்ணீரலில் அது கடக்க வேண்டிய பிளவுகளின் அகலமோ ஏறக்குறைய 1 மைக்ரான். உட்கரு கிடையாது, நடுவில் குழிந்த தட்டு வடிவம், சவ்வுக்கு அடியில் ஸ்பெக்ட்ரின் என்ற புரதம் பின்னிய நெகிழ்வான வலை. இந்த அமைப்பால்தான் மடிந்து, நீண்டு, நுழைந்து, மறுபக்கம் வெளிவந்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. 120 நாள் வாழ்நாள் முழுக்க இதே வேலை.

செப்சிஸில் இந்த நெகிழ்ச்சி குறைகிறது. வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்ல உமிழும் ஆக்சிஜனேற்றப் பொருள்கள் பக்கத்தில் போகும் சிவப்பணுக்களின் சவ்வையும் சுடுகின்றன. அணுவுக்குள் இருக்கும் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. குறைகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது, ஸ்பெக்ட்ரின் வலை இறுகுகிறது. தீவிர சிகிச்சையின் முதல் நாளிலேயே இந்த மாற்றத்தைக் கருவியில் அளக்க முடிகிறது. விறைத்த அணு தந்துகியின் வாயில் சற்று நேரம் தயங்கி நிற்கிறது. ஒன்று நின்றால் பின்னால் வருபவையும் நிற்கும். குழாய்க்குள் எந்த உறைகட்டியும் இல்லாமலேயே ஓட்டம் தடைபடும்.

அடுத்தது ஒட்டிக்கொள்வது. சிவப்பணுவின் மேற்பரப்பில் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருள் இருக்கிறது. அதன் எதிர்மின்னூட்டத்தால் அணுக்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு தனித்தனியே மிதக்கின்றன. செப்சிஸில் சியாலிக் அமிலம் குறைகிறது. அதே வேளையில் ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தைக் கல்லீரல் அள்ளிக் கொட்டுகிறது. இந்த நீண்ட புரதம் இரண்டு அணுக்களுக்கு நடுவே பாலமாகப் படிகிறது. விலக்கும் விசை குறைந்து ஒட்டும் விசை கூடினால், அணுக்கள் தட்டையான முகத்தோடு முகம் சேர்ந்து நீண்ட அடுக்குகளாகத் திரள்கின்றன. இந்த அடுக்குகள்தான் பரிசோதனைக் கூடத்தில் இ.எஸ்.ஆர். (சிவப்பணுக்கள் குழாயில் கீழே படியும் வேகம்) அளவை ஏற்றிவிடுகின்றன: திரண்ட அணுக்கள் கனத்தால் வேகமாகக் கீழே படியும். வேகமாக ஓடும் பெரிய குழாயில் இந்தத் திரள் உடைந்துவிடும். மந்தமாக ஓடும் நுண்சிரைகளில் உடையாது, அங்கே ரத்தம் கூழாகிப் பின்னாலிருக்கும் தந்துகிகளையும் தேக்கிவிடும். (இடையில் ஒரு எச்சரிக்கை: உறைதல் கட்டுமீறி ஃபைப்ரினோஜன் தீர்ந்துபோனால் இ.எஸ்.ஆர். தானாக இறங்கும். அந்த இறக்கத்தைக் குணமாவதன் அறிகுறி என்று மகிழ்ந்துவிடக் கூடாது.)

சிவப்பணுவுக்கு இன்னொரு திறமையும் உண்டு. ஆக்சிஜன் பஞ்சமான இடத்துக்கு வந்ததும் அது சிறிது ஏ.டி.பி.யை வெளியிடும். அதை உணரும் எண்டோதீலியம் மேல்நோக்கிச் செய்தி அனுப்பிக் குழாயை விரிக்கும். எங்கே தேவையோ அங்கே ரத்தத்தை வரவழைப்பது ஒருவகையில் சிவப்பணுவேதான். செப்சிஸில் இந்த ஏ.டி.பி. வெளியீடு குன்றுகிறது. பஞ்சமான இடம் இருப்பதை அறிவிக்க ஆளில்லை. உடைந்த அணுக்களிலிருந்து சிந்தும் ஹீமோகுளோபின் வேறு, அருகிலிருக்கும் நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்து விழுங்கிவிடுகிறது. ஒரே உடலில் ஓரிடத்தில் நைட்ரிக் ஆக்சைடு வெள்ளம், இன்னோரிடத்தில் வறட்சி! அதனால்தான் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியை ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் மருந்தைச் சோதித்தபோது அழுத்தம் ஏறியது, ஆனால் இறப்பும் கூடியது. சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

ஹீமோகுளோபின் 8 இருந்தும் ரத்தம் ஏற்றாததன் காரணம் இப்போது புரியும். சிக்கல் சுமைதூக்கிகளின் எண்ணிக்கையைவிட வழியில் இருக்கிறது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் செப்டிக் ஷாக் (செப்சிஸ் முற்றி, மருந்தில்லாமல் ரத்த அழுத்தம் நிற்காத நிலை) நோயாளிகள் ஏறக்குறைய 1,000 பேரிடம் நடந்த ட்ரிஸ் ஆய்வு 2014-இல் வெளியானது. ஹீமோகுளோபின் 9-க்கு இறங்கியதும் ரத்தம் ஏற்றிய குழுவில் 90 நாளில் 45 சதவீதமும், 7 வரை காத்திருந்த குழுவில் 43 சதவீதமும் இறந்தார்கள். புள்ளியியல்படி வேறுபாடே இல்லை. சேமித்துவைத்த ரத்தத்தின் அணுக்களும் நாள்பட நாள்பட விறைப்பவைதான். மாரடைப்பு, கடும் ரத்தக்கசிவு போன்ற தனிக் காரணம் இல்லாதவரை, 7 என்ற எல்லையை வைத்துக் காத்திருப்பது அலட்சியம் ஆகாது.

வெள்ளணுக்களில் முன்னணியில் நிற்பது நியூட்ரோஃபில். ஆரோக்கியமானவரின் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்குகிறது. பெரும்பாலானவை ஒரு நாளுக்குள் முடிந்துபோகும். தொற்று வந்ததும் மஜ்ஜை கையிருப்பை எல்லாம் திறந்துவிடுகிறது. உங்கள் அறிக்கையின் 22,000 அப்படி வந்த எண். அந்த எண்ணிக்கையைவிட அவற்றின் தோற்றம்தான் அதிகம் பேசும். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் மெல்லியதாகத் தீற்றி, சாயமிட்டு, எண்ணெய் வைத்த லென்சின் கீழே பாருங்கள். முதிர்ந்த நியூட்ரோஃபிலின் உட்கரு மூன்று நான்கு மடல்களாகப் பிரிந்திருக்க வேண்டும். இங்கே மடல் பிரியாமல் வளைந்த பட்டையாக இருக்கும் இளம் அணுக்கள் கூட்டமாகத் தென்படும். உட்பொருளில் கருநீலத் துகள்கள் முரட்டுத்தனமாகத் தெரியும். ஓரத்தில் வெளிறிய நீலத் திட்டுகள், சில அணுக்களில் குமிழிகள். கண்ணாடியின் ஒரு வட்டத்தில் பத்துப் பதினைந்து தட்டணுக்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டோ மூன்றோ இருக்கும். சில சிவப்பணுக்கள் கொம்பு முளைத்ததுபோலத் துண்டாகிக் கிடக்கும். இந்த ஒரு கண்ணாடியைப் பொறுமையாகப் பார்த்தவருக்கு இயந்திரம் அச்சிட்ட ஒரு பக்க அறிக்கையைவிட அதிகம் தெரிந்துவிடும்.

இயல்பில் நியூட்ரோஃபில் சுவரோரமாக உருண்டு, தொற்று இருக்கும் இடத்தை உணர்ந்து நின்று, செல்களுக்கு இடையே நுழைந்து வெளியேறும். செப்சிஸில் உடல் முழுவதும் ஒரே நேரத்தில் அபாய மணி அடிப்பதால் திசை தெரியாமல் போகிறது. எங்கே செல்ல வேண்டும் என்று காட்டும் ஏற்பிகள் அதன் மேற்பரப்பிலிருந்து மறைகின்றன. உள்ளிருக்கும் ஆக்டின் இழைகள் இறுகி அணு விறைக்கிறது. நியூட்ரோஃபில் ஏற்கெனவே தந்துகியைவிடப் பெரியது. விறைத்தால் எங்கே போகும்? நுரையீரலின் தந்துகிகளில் மாட்டிக்கொள்கிறது. கிருமி இருப்பது சிறுநீர்ப் பாதையில், சேதமாவது நுரையீரல். சிறுநீர்த் தொற்றோடு வந்தவருக்கு இரண்டாம் நாள் செயற்கைச் சுவாசம் தேவைப்படுவதன் பின்னணியில் இதுவும் ஒன்று.

2004-இல் பெர்லினில் மேக்ஸ் பிளாங்க் தொற்று உயிரியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நியூட்ரோஃபிலின் இன்னொரு முகத்தைக் காட்டினார்கள். அது தன் டி.என்.ஏ.வையே வெளியே வீசி, ஹிஸ்டோன்களும் (டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரதங்கள்) நொதிகளும் ஒட்டிய வலையாக விரித்துக் கிருமிகளைச் சிக்கவைக்கிறது. கிருமி பரவாமல் தடுக்க அருமையான ஏற்பாடு. ஆனால் இந்த வலை ரத்தக்குழாய்க்குள்ளேயே விரிந்தால் சிவப்பணுக்களும் தட்டணுக்களும் அதில் சிக்குகின்றன, உறைதல் அங்கேயே தொடங்குகிறது. ஹிஸ்டோன்கள் எண்டோதீலியத்துக்கு நேரடி நஞ்சு. இந்த வலையை விரிக்கத் தூண்டுவது யார் என்று பார்த்தால், பெரும்பாலும் தட்டணுக்கள்!

தட்டணு என்றால் ரத்தக்கசிவை அடைக்க வருவது என்றே படித்திருப்போம். அதன் மேற்பரப்பில் பாக்டீரியாவின் நச்சுப்பொருளை அடையாளம் காணும் ஏற்பிகளும் உண்டு. அது நியூட்ரோஃபிலோடு ஒட்டிக்கொண்டு அதைத் தூண்டுகிறது, பூச்சு உரிந்த சுவரில் படிகிறது, உறைகட்டிகளில் புதைகிறது. உங்கள் தந்தையின் தட்டணுக்கள் எங்கும் கசிந்து போகவில்லை. பெரும்பகுதி நுண்குழாய்களின் சுவரிலும் நுண்கட்டிகளிலும்தான் செலவாகியிருக்கும். 60,000 என்ற எண்ணைவிட 2,40,000-இலிருந்து அங்கே வந்த வேகம் முக்கியம். 3,20,000 இருந்தவருக்கு இரண்டு நாளில் 1,60,000 ஆனால் அறிக்கையில் 'இயல்பு' என்றே அச்சாகியிருக்கும். பாதி காணாமல் போனதை யாராவது கவனிக்க வேண்டும். உறைதலைத் தடுக்கத் தரும் ஹெபரின் உள்ளிட்ட சில மருந்துகளும் தட்டணுக்களைக் குறைக்கும் என்பதால், மருத்துவர்கள் அதையும் சரிபார்ப்பார்கள்.

உறைதலின் பக்கம் நடப்பது இன்னும் சிக்கலானது. மோனோசைட் என்ற வெள்ளணு தன் மேற்பரப்பில் திசுக் காரணி என்ற புரதத்தை ஏற்றுகிறது. அதுதான் உறைதலின் திறவுகோல். உறைதலுக்குக் கடிவாளம் போடும் ஆன்டித்ராம்பின், புரதம் சி ஆகிய இரண்டும் அதே நேரத்தில் குறைகின்றன. உறைந்ததைக் கரைக்கும் ஏற்பாட்டையும் வேறொரு புரதம் முடக்கிவிடுகிறது. கிருமியை ஓரிடத்தில் சிறைப்படுத்த உடல் உறைதலைப் பயன்படுத்துவது இயற்கையான தற்காப்புதான். அது உடல் முழுக்க நடந்தால் ஆயிரக்கணக்கான நுண்குழாய்களில் ஃபைப்ரின் இழைகள் குறுக்கே கட்டப்படுகின்றன. அவற்றில் மோதித்தான் கண்ணாடியில் கண்ட அந்தச் சிவப்பணுக்கள் துண்டானது. இது முற்றினால் உறைதல் காரணிகளும் தட்டணுக்களும் தீர்ந்துபோய், ஊசி குத்திய இடத்திலெல்லாம் ரத்தம் கசியத் தொடங்கும். ஒரே நோயாளியின் கால் விரல் உறைகட்டியால் கறுக்கும்போதே ஈறில் ரத்தம் வடிவது இதனால்தான். விரல் நீலமாவதில் அழுத்தத்தை ஏற்றும் மருந்துக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அது கை கால்களின் குழாய்களைச் சுருக்கும். ஆனால் அந்த மருந்தை நிறுத்தினால் மூளைக்கும் இதயத்துக்கும் அழுத்தம் போகாது.

அப்படியானால் உறைதலைத் தடுத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். மருத்துவ உலகுக்கும் தோன்றியது. குறைந்துபோன புரதம் சி-யைச் செயற்கையாகத் தயாரித்து ஏற்றிய ஆய்வில் இறப்பு 30.8 சதவீதத்திலிருந்து 24.7-ஆகக் குறைந்தது, 2001-இல் மருந்து சந்தைக்கு வந்தது. பெரிய எதிர்பார்ப்பு, பெரிய விலை. பின்னர் செப்டிக் ஷாக் நோயாளிகளிடம் மறு ஆய்வு நடந்தபோது மருந்து பெற்றவர்களில் 26.4 சதவீதமும், பெறாதவர்களில் 24.2 சதவீதமும் இறந்தார்கள். 2011 அக்டோபரில் உலகச் சந்தையிலிருந்தே மருந்து திரும்பப் பெறப்பட்டது. செப்சிஸில் ஒரே ஒரு கண்ணியை வெட்டி நோயை நிறுத்திவிடலாம் என்று யார் சொன்னாலும் எனக்கு இந்த வரலாறுதான் நினைவுக்கு வரும்.

தட்டணு ஏற்றுவது பற்றியும் கேட்பீர்கள். கசிவு இல்லாதபோது 10,000-க்குக் கீழே போனால்தான் பொதுவாக ஏற்றுகிறார்கள். கசியும் ஆபத்து கூடுதலாக இருந்தால் 20,000. ரத்தம் கசிகிறது அல்லது அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்றால் 50,000-ஐ எல்லையாக வைப்பார்கள். 60,000-இல் ஏற்றாமல் இருப்பது சரியே.

சிறுநீரகத்துக்கு வருவோம். ரத்தம் போகாததால் சிறுநீரகம் சாகிறது என்பது பழைய விளக்கம். செப்சிஸில் சிறுநீரகத்துக்குப் போகும் மொத்த ரத்தம் குறையாமலும், சில நேரம் கூடியும் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். வடிகட்டும் முடிச்சுக்குள் நுழையும் குழாயைவிட வெளியேறும் குழாய் அதிகம் விரிந்தால், ரத்தம் நிறையப் போனாலும் வடிகட்டும் அழுத்தம் இருக்காது. உள்ளே பங்கீடும் சீராக இல்லை. இன்னொரு கண்டுபிடிப்பு மிக முக்கியமானது: செப்சிஸில் இறந்தவர்களின் சிறுநீரகத்தையும் இதயத்தையும் ஆராய்ந்தபோது, செயலிழப்பின் கடுமைக்கு ஏற்ற அளவில் செத்த செல்கள் அங்கே இல்லை. செல்கள் வேலையைக் குறைத்துக்கொண்டு ஒடுங்கிக் கிடக்கின்றன என்றே தோன்றுகிறது. டயாலிசிஸ் வரை போனவர்களில் பலருக்குச் சில வாரங்களில் சிறுநீர் மீண்டும் பிரிவதற்கு இதனால் இடமிருக்கிறது.

லாக்டேட் 2-க்கு மேல் இருப்பது கவலைக்குரியது, அதில் ஐயமில்லை. ஆனால் அது முழுக்க ஆக்சிஜன் பஞ்சத்தின் விளைவு என்று கொள்வதும் தவறு. அட்ரினலின் தூண்டுதலால் தசைகள் சர்க்கரையை வேகமாக எரிக்கும்போதும் லாக்டேட் உண்டாகும். கல்லீரல் சோர்ந்தால் உண்டானதும் அகலாது. அதனால் ஓட்டம் தேறிய பிறகும் லாக்டேட் மெதுவாகத்தான் இறங்கும்.

அதைவிட விரைவாகப் பேசுவது நோயாளியின் விரல். ஆள்காட்டி விரலின் கடைசிக் கணுவில், உட்புறச் சதையில், ஒரு கண்ணாடிச் சில்லை வைத்துத் தோல் வெளுக்கும் வரை அழுத்துகிறார்கள். 10 நொடி பிடித்துவிட்டு எடுக்கிறார்கள். வெளுத்த இடத்தில் பழைய நிறம் திரும்ப எத்தனை நொடி ஆகிறது? 3 நொடிக்குள் திரும்பினால் இயல்பு. ஐந்து, ஆறு என்று நீண்டால் நுண்குழாய்களில் ஓட்டம் மந்தம். தென் அமெரிக்காவின் ஐந்து நாடுகளில் 28 மருத்துவமனைகளில் 424 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. இந்த விரல் சோதனையைப் பார்த்துச் சிகிச்சை தந்தவர்களில் 28 நாளில் 34.9 சதவீதமும், லாக்டேட்டைப் பார்த்துச் சிகிச்சை தந்தவர்களில் 43.4 சதவீதமும் இறந்தார்கள். வேறுபாடு புள்ளியியல் எல்லையை மயிரிழையில் தவறவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அப்படியே இருந்தாலும், ஒரு விரலும் கடிகாரமும் ரத்தப் பரிசோதனைக்கு ஈடுகொடுக்கிறது என்பது சாதாரணச் செய்தியா? முழங்காலைச் சுற்றித் தோலில் நீலமும் சிவப்புமாகப் படரும் திட்டுகளையும் இப்படியே படிக்கலாம். திட்டு தொடை நோக்கி ஏற ஏற நிலைமை மோசம்.

அழுத்தத்தை இன்னும் ஏற்றினால் கடைமடைக்குப் போய்ச் சேராதா என்ற கேள்வி நியாயமானது. சராசரித் தமனி அழுத்தம் 65 என்பது வழக்கமான இலக்கு. பிரான்சில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் 80-85 வரை ஏற்றிப் பார்த்தார்கள். 2014-இல் வந்த முடிவின்படி இறப்பு குறையவில்லை. நெடுநாள் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு மட்டும் டயாலிசிஸ் தேவை குறைந்தது. உங்கள் தந்தைக்குப் பழைய ரத்தக்கொதிப்பு உண்டென்றால் மருத்துவரிடம் அதை நினைவூட்டுங்கள். திரவத்தைக் கொட்டுவதும் விடையாகாது. முதல் சில மணி நேரத்தில் திரவம் தேவை. அதன்பின் அளவு மீறினால் உரிந்த சுவர் வழியே திசுவுக்குள் இறங்கி வீக்கத்தைத்தான் கூட்டும். உகாண்டா, கென்யா, தான்சானியாவில் கடும் தொற்றோடு வந்த 3,141 குழந்தைகளிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 10.5 சதவீதமும், ஏற்றப்படாதவர்களில் 7.3 சதவீதமும் இறந்தார்கள். தீவிர சிகிச்சை வசதி குறைந்த இடங்களில் நடந்தது என்பதால் அதை எல்லா இடத்துக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனால் 'சும்மா இன்னொரு பாட்டில்' என்ற பழக்கம் அதோடு ஆட்டம் கண்டது. இன்றுவரை உயிர் காப்பவை பழைய விஷயங்களே: சரியான ஆன்டிபயாடிக்கைத் தாமதமின்றித் தருவது, அடைபட்ட சிறுநீர்ப் பாதை, சீழ்க்கட்டி போன்ற மூலத்தை வடித்து நீக்குவது. மூலம் அகலாமல் நுண்குழாய் தேறாது.

கடைசியாக, குறையும் வெள்ளணுக்கள். 22,000 இறங்குவது இரண்டு விதமாக இருக்கலாம். காய்ச்சல் தணிந்து, விரலில் நிறம் திரும்பும் நேரம் குறைந்து, அழுத்தத்தை ஏற்றும் மருந்தின் அளவையும் குறைத்துக்கொண்டே வரும்போது இறங்கினால் நல்லது. நிலைமை மோசமாகும்போதே 4,000-க்குக் கீழே சரிந்தால், மஜ்ஜை ஓய்ந்துவிட்டது அல்லது அணுக்கள் சுவர்களில் ஒட்டிச் செலவாகின்றன என்று பொருள். அது 22,000-ஐவிட ஆபத்தானது. மொத்த எண்ணோடு நின்றுவிடாமல் லிம்போசைட் என்ற வெள்ளணு வகையின் எண்ணிக்கையைத் தனியாகக் கேளுங்கள். செப்சிஸில் லிம்போசைட்டுகள் கூட்டம் கூட்டமாகத் தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன; மோனோசைட்டுகளும் கிருமியை அடையாளம் காட்டும் திறனை இழக்கின்றன. முதல் சில நாள் கொதித்த உடல் பிறகு தற்காப்பின்றிப் போகிறது. அதுவரை உறங்கிக் கிடந்த ஹெர்பிஸ் வகை வைரஸ்கள் தலைதூக்குவதும், மருத்துவமனையிலேயே இரண்டாவது தொற்று பிடிப்பதும் இந்தக் கட்டத்தில்தான். நான்காம் நாளிலும் லிம்போசைட் மிகக் குறைவாகவே நிற்பவர்களிடம் இறப்பு கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. அதை உயர்த்த நம்பகமான மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. எனவே தேவை முடிந்த குழாய்களையும் சிறுநீர் வடிகுழாயையும் ஒவ்வொரு நாளும் கேட்டு அகற்றச் செய்வதும், அருகில் செல்பவர்கள் எல்லோரும் கை கழுவுவதும், வீடு திரும்பிய பிறகும் சில மாதங்களுக்குப் புதிய காய்ச்சல் எதையும் 'சாதாரணம்தான்' என்று தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுவதும் உங்கள் கையில் இருக்கின்றன.